கண்ணாடிக் கடையின் வியாழக்கிழமைக் கடிதம்

என் மனைவியின் தங்கை இருபத்து மூன்று ஆண்டுகளாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கழன்ற ஸ்க்ரூவை மாட்டுவது, வளைந்த காதுக் கம்பியை நிமிர்த்துவது, மூக்கில் உட்காரும் சிறு ரப்பரை மாற்றுவது அவள் வேலை. வாடிக்கையாளர்கள் அவளைத் திருப்புளியம்மா என்பார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை போட்டாள். ஆக முப்பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறிய ஓட்டைகளோடுதான் அவள் பிழைப்பு. இது அவளே சொன்னது.

அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “வந்தவனெல்லாம் கண்ணாடி போட்டிருந்தான், எனக்குப் பார்வை சரியா இருந்துச்சு” என்பாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையல் மேடையும் கொண்ட வீட்டில் தனியாக இருக்கிறாள்.

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் குடிநீர் வாரியத்தில் ஏரியின் நீர்மட்டத்தைத் தினமும் காலை ஆறு மணிக்கு அளந்து பதிந்தவன். ஓய்வு பெற்று மூன்று ஆண்டு கழித்து, மைத்துனி சொல்லித்தான், அதே கடையில் வாடிக்கையாளர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் போவேன். யாருக்கு எந்தக் கண்ணில் என்ன பவர், கடைசியாக எப்போது மாற்றினார், அவருடைய மின்னஞ்சல் முகவரி என்ன என்பதெல்லாம் என் பொறுப்பு. இந்த மார்ச் மாதம் முதல் தேதிக்குப் பட்டியலில் 1,846 பேர் இருந்தார்கள்.

இவர்களுக்குக் கடையிலிருந்து வியாழன்தோறும் ஒரு மின்னஞ்சல் போகும். கடைக்காரர் அதைக் கடிதம் என்றே சொல்வார். ஆரம்பத்தில் அவரே எழுதினார். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் பார்வையின் நலனில் அக்கறை கொண்ட எங்கள் நிறுவனம் பெருமையுடன் அறிவிப்பது யாதெனில்’ என்று தொடங்கும். நூற்றில் நாலு பேர்கூடத் திறக்கவில்லை. திறந்தவர்களில் ஒருவர் நான்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, தேநீர் இடைவேளையில், மைத்துனி வழக்கம்போல எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஒரு ஃப்ரேமைப் பற்றிச் சொன்னாள்: “இதப் போட்டா யாரா இருந்தாலும் பரீட்சை ஹால்ல சுத்தி வர்ற ஆள் மாதிரி ஆயிடறாங்க அக்கா. கடைக்காரர் போட்டுப் பாத்தாரு, நானே எழுந்து நின்னுட்டேன்.” கடையில் காத்திருந்த ஓர் அம்மாள் சிரித்துவிட்டு அந்த ஃப்ரேமைக் காட்டச் சொன்னார், வாங்கியும் போனார். கடைக்காரர் கவனித்தார். இப்போது பேசியதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்கு எழுத வராது, பேசத்தான் வரும் என்றாள் இவள்.

பேசியே எழுதினாள். அதுதான் அவள் கண்டுபிடித்த முறை. புதன் பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேசைமேல் வைத்துக்கொள்வாள். அக்காவிடம் அந்த வாரச் சங்கதியைச் சொல்லிக்கொண்டே ஒரு கோடு போட்ட நோட்டில் கிறுக்குவாள். பேசி முடித்ததும் சிவப்பு மையால் ‘அக்கா’, ‘அத்தான்’, எங்கள் வீட்டு விஷயம் எல்லாவற்றையும் அடிப்பாள். மிச்சம் இருப்பது கடிதம். மாலையில் அதைக் கணினியில் தட்டுவாள். வியாழன் காலை நான் வந்து ஃப்ரேம் எண்களைச் சரிபார்த்து, பத்து மணிக்கு அனுப்புவேன்.

புதன்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். இந்தப் பக்கம் என் மனைவி பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ‘ம்’ என்பாள். எப்போதாவது, “என்னை வெச்சே கடை ஓட்டறியாடி நீ” என்பாள். சிரிப்பாள். போனை வைத்ததும் அடுப்பைப் பார்க்கப் போவாள்.

இப்படி 284 கடிதங்கள் போயின. ஐந்து ஆண்டு ஐந்து மாதம். ஒரு வாரம்கூட விடவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் சராசரியாக 37 பேர் பதில் எழுதினார்கள். கண்ணாடிக் கடைக்குப் பதில் எழுதவேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது. ஆனாலும் எழுதினார்கள்: தங்கள் மூக்கைப் பற்றி, மாமியாரின் கண் ஆபரேஷனைப் பற்றி, நாய் கடித்துப் போட்ட ஃப்ரேமைப் பற்றி. மைத்துனி எல்லோருக்கும் இரண்டு வரியாவது பதில் போடுவாள். தனியாக வாழ்கிற அவளுக்கு, அக்காவைத் தவிர, நின்று பேசுகிற மனிதர்கள் அந்த 37 பேர்தான்.

மார்ச் 9, திங்கட்கிழமை காலை 6.20க்கு என் மனைவி இறந்தாள். பதினொரு நாள் உடம்பு சரியில்லாமல் இருந்தாள். வயது அறுபத்து நான்கு. கடைக்காரர் வந்து இரண்டு மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார். மைத்துனி அழவில்லை. நானும் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் கொடுப்பதை அவள் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 12 அன்று கடிதம் போகவில்லை. 19ஆம் தேதி போனது. ‘புதிய ஃப்ரேம்கள் வந்துள்ளன. நன்றாக உள்ளன. வந்து பார்க்கவும்’ என்று இருந்தது. பதில் எழுதியவர்கள் 11 பேர். அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் நான்கு. அந்த மூன்று வாரங்களில் ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்பதை அழுத்தி விலகியவர்கள் 23 பேர். புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், தேநீர் ஆறிப்போவதாகவும் கடைக்காரர் என்னிடம் சொன்னார். வீட்டில் அந்த நேரத்தில் போன் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 3, வெள்ளி. கடைக்காரர் என்னைத் தனியாக அழைத்தார். கடைகளுக்கு இப்படிக் கடிதம் எழுதித் தருகிற ஒரு நிறுவனம் இருக்கிறதாம். திருப்புளியம்மாவின் பழைய கடிதங்களைக் கொடுத்தால், அதே மாதிரி, அவள் பேச்சாகவே எழுதித் தருவார்களாம். இந்த மாதக் கடைசி வரை பார்க்கிறேன், சரியாகவில்லை என்றால் மே முதல் அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன், அம்மா ஸ்க்ரூ வேலையைப் பார்க்கட்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது மேசைத் துணியை நீவிக்கொண்டே இருந்தார்.

இதை மைத்துனியிடம் நான் சொன்னேன். ஒரு காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். “கடிதமும் போயிடுமா?” என்று கேட்டாள். ‘கடிதமும்’ என்றுதான் கேட்டாள். பிறகு கம்பியைத் தண்ணீரில் முக்கினாள்.

ஏப்ரல் 9, வியாழன். காலை 9.40க்குக் கடைக்கு வந்தேன். கணினியில் கடிதம் தயாராக இருந்தது. வழக்கத்தைவிட நீளம். முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நான்கு ஃப்ரேம் எண்கள் இருந்தன. நான்கையும் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தன. பத்து மணிக்கு அனுப்பினேன்.

அனுப்பிய கடிதம் இதுதான்:

‘அக்கா, இந்த வாரம் நாலு ஃப்ரேம் வந்திருக்கு. 4410 கறுப்பு, 4412 பழுப்பு. ரெண்டும் ஒரே அச்சு, கடைக்காரர் வேற வேறன்னு சாதிக்கிறாரு. 5107 ரொம்ப லேசு, போட்டதே தெரியாது, தேடிக்கிட்டு இருப்போம். 5120 எனக்குப் பிடிக்கல. அத்தான் சாப்பிடறாரு. நான் காலையில கொண்டுபோய் வெச்சுட்டு வர்றேன், சாயங்காலம் பாத்திரம் கழுவி வெச்சிருக்காரு. உன் கண்ணாடி டிவி மேலயே இருக்கு. இடது பக்க ஸ்க்ரூ லூசா இருக்குன்னு சொன்னியே, நாளைக்கு எடுத்துட்டு வான்னு சொன்னேன், நீ வரல. எனக்கு அழுகையே வரல அக்கா. கடையில எல்லாரும் நான் தைரியசாலின்னு சொல்றாங்க. நான் தைரியமா இல்ல. ஒண்ணுமே இல்ல. கை மட்டும் வேலை செய்யுது. 5107 உனக்கு நல்லா இருந்திருக்கும்.’

எப்படி நடந்தது என்று பிறகு தெரிந்தது. புதனன்று அவள் போனை மேசைமேல் வைத்தாள், யாரையும் அழைக்காமலே பேசினாள், எழுதினாள், மாலையில் தட்டினாள். சிவப்பு மையால் அடிப்பதை மட்டும் மறந்தாள். நான் படித்தேன். அதில் வந்த அத்தான் நான்தான் என்பதும், டிவி மேல் இருக்கும் கண்ணாடி யாருடையது என்பதும் தெரிந்துதான் படித்தேன். அது 1,823 பேருக்குப் போகக்கூடாத கடிதம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளில் நீர்மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் தவறாகப் பதிந்ததில்லை நான்.

முதல் பதில் 10.07க்கு வந்தது. சாயங்காலத்துக்குள் 140. சனிக்கிழமை கடை மூடும்போது 263. தன் அண்ணன், தன் கணவர், தன் தோழி என்று இறந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். இருபது ஆண்டுக்கு முன் போனவர்களைப் பற்றிக்கூட எழுதியிருந்தார்கள். ஒருவர், உங்கள் பழைய கடிதங்கள் சிரிப்பாக இருக்கும், இப்படி எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்னொருவர் 5107 வலது இரண்டரை பவருக்கு வருமா என்று மட்டும் கேட்டிருந்தார். அவருக்குத்தான் மைத்துனி முதலில் பதில் போட்டாள். வரும் என்று.

அந்த மூன்று நாளில் கடைக்கு நேரில் வந்தவர்கள் வழக்கத்தைவிட 31 பேர் அதிகம். சிலர் ஸ்க்ரூவை இறுக்கிக்கொள்ள வந்தார்கள். இறுக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் திருப்புளியை வைத்துச் சும்மா ஒரு சுற்று சுற்றிக் கொடுத்தாள்.

கடைக்காரர் அந்தக் கடிதத்தைப் படித்து அழுதார். இதை அவரே சொன்னார். சனிக்கிழமை மாலை எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். தவறைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இதுவரை இப்படி ஒரு கடிதம் எந்தக் கடையிலிருந்தும் போயிருக்காது என்றார். ஜனங்களுக்கு மனசு வேண்டும், அது இதில் இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்:

“அக்காவை வெச்சே இன்னும் நாலஞ்சு வாரம் எழுதுங்கம்மா. அந்தக் கம்பெனியே வேணாம். கடிதம் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

யோசித்துத் திங்கட்கிழமை சொல்லுங்கள் என்று கடைக்காரர் எழுந்தார். வாசல்வரை என்னோடு வந்து, உங்கள் வீட்டம்மா விஷயம், உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லிவிடுங்கள் சார் என்றார். ஆட்சேபணை இருக்கிறதா என்று நான் யோசித்துப் பார்த்தேன். இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அதையே அவரிடம் சொன்னேன்.

மறுநாள், ஞாயிறு, காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வலையைக் கழற்றித் தரையில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்த துணியை எடுத்தாள். நான் உட்கார்ந்தேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

எழுதுவதென்றால் எழுது, நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றேன்.

“நின்னா நல்லாயிருக்கும் அத்தான். உங்க பேரைச் சொல்லித் தப்பிச்சிடுவேன்.”

வலையை மறுபக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு தலை நிமிராமல், “அன்னைக்குப் படிச்சீங்கல்ல?” என்றாள்.

“படிச்சேன்.”

“முழுசா?”

“முழுசா.”

“அப்புறம் எப்படி அனுப்பினீங்க?”

“நம்பரெல்லாம் சரியா இருந்துச்சு.”

அவள் சிரித்தாள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து முப்பத்து நாலு நாள் ஆகியிருந்தது. “அக்கா மட்டும் இருந்திருந்தா உங்களை ஒரு வாரம் வெச்சு செஞ்சிருப்பா” என்றாள். அது உண்மைதான். ஒரு வாரம் என்பது குறைவு.

சிரிப்பு நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் கேட்டது போல் எழுத முடியும் என்றாள். அக்கா சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது, அம்மா போனபோது எனக்குத் தலை பின்னி விட்டது, எல்லாம் வரிசையாக இருக்கிறது, வாரம் ஒன்றாக எடுத்தால் ஒரு வருஷம் வரும், கடைசியில் ஃப்ரேம் எண் போட்டால் முடிந்தது என்றாள். கணக்கு அவளுக்கும் வந்திருந்தது.

“அதான் பயமா இருக்கு. ஒண்ணுமே தோணாம என்னால எழுத முடியுது. அழுதுக்கிட்டே எழுதறவளா இருந்தா சரின்னிருப்பேன். படிக்கறவங்க அங்க அழறாங்க, நான் இங்க டீ குடிக்கிறேன். அவளை அப்படி விக்க மாட்டேன் அத்தான்.”

“அப்போ கடிதம் போயிடும்.”

“போகட்டும்னு சொல்ல வாய் வரல. அது போனா நான் யார்கூடப் பேசறது?”

ஜன்னலில் வலை இல்லாததால் தெருச் சத்தம் நேராக உள்ளே வந்தது. யாரோ ஒருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். இருபது அடி வரை எண்ணினேன். பிறகு நான் கேட்டேன், போனில் அக்கா என்னதான் சொல்வாள் என்று.

“என்ன சொல்லுவா, ம் போடுவா. நான் நிறுத்தினா ‘சரி, மேல சொல்லு’ன்னுவா. அவளுக்கு ஃப்ரேம் மேல எல்லாம் ஒரு ஆசையும் கிடையாது. நான் சொல்றேன்னு கேப்பா.”

“அவ்வளவுதான்னா நான் எடுக்கலாம்.”

“நீங்களா?”

“புதன்கிழமை நான் வீட்டுலதான் இருக்கேன்.”

அவள் என்னை ஒரு ஃப்ரேமைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு வலையை எடுத்து மாட்டப் போனாள். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் கடைக்காரரிடம், அக்காவைப் பற்றி இனி ஒரு வரி வராது, பழையபடி எழுதிப் பார்க்கிறேன், மாதக் கடைசியில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரருக்கு வருத்தம். 263 பதில்களை வைத்துக்கொண்டு யார்தான் வருத்தப்பட மாட்டார்கள்?

ஏப்ரல் 15, புதன். 10.50க்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். 11.02க்கு அடித்தது. எடுத்தேன்.

“அத்தான்.”

“ம்.”

“முந்நூறு நம்பர்ல ஒரு புது ஃப்ரேம் வந்திருக்கு. கம்பி அப்படியே மடங்கி நிமிருது. ஒருத்தர் மேல உக்காந்தே பாத்தாரு, ஒண்ணும் ஆகல.”

“எத்தனை கிலோ இருப்பார்?”

“என்னது?”

“உக்காந்தவர்.”

“அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நீங்க ம் போடுங்க போதும்.”

ம் போட்டேன். ஆனால் அவள் ரொம்ப லேசான ஃப்ரேம் என்றபோது எத்தனை கிராம் என்று வாய் கேட்டுவிட்டது. பெருமூச்சு விட்டு, கடைக்காரரிடம் கேட்டு, தராசில் வைத்துப் பார்த்து வந்து, பதினெட்டு என்றாள். பத்து நிமிடம் பேசினோம். அக்காவைப் பற்றி இருவரும் பேசவில்லை. போனை வைத்ததும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். எண்களுக்காக ஒரு முறை, மற்றதற்காக ஒரு முறை. இந்தத் தடவை அவள் எல்லாவற்றையும் அடித்துவிடவில்லை. ‘இதைப் பற்றிப் போனில் ஒருவரிடம் சொன்னேன். மேலே உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை கிலோ என்று கேட்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கும் நாம் கண்ணாடி விற்கத்தான் வேண்டும். எடை பதினெட்டு கிராம். அவருக்காகத் தராசில் வைத்துப் பார்த்தேன்’ என்று இருந்தது. பழைய கடிதங்களின் கலகலப்பு அதில் இல்லை. தவறாக ஒன்றும் இல்லை. அனுப்பினேன்.

பதில் 19. அடுத்த வாரம் 26. ஏப்ரல் 30 அன்று 24. உட்கார்ந்தவரின் எடையை இரண்டு பேர் தாங்களாகவே யூகித்து எழுதியிருந்தார்கள்.

மே 1, வெள்ளி. கடைக்காரர் அந்த நிறுவனம் கொடுத்த மாதிரிக் கடிதத்தை அச்செடுத்து வந்து என் மேசையில் வைத்தார். திருப்புளியம்மாவின் பேச்சில் எழுதியது. ‘அன்பானவர்களே, நேற்று மழை பெய்தது, என் அக்கா நினைவு வந்தது’ என்று தொடங்கியது. நேற்று மழை பெய்யவில்லை. அதைச் சொன்னேன். மைத்துனி என் தோளுக்கு மேல் குனிந்து முழுவதும் படித்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்காங்க” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நீங்களே எழுதுங்கள் அம்மா, வருகிறது வரட்டும் என்றார்.

சரி என்றாள். அப்போது ஒரு பெண்மணி லென்ஸ் கழன்ற கண்ணாடியோடு வந்து நின்றார். அவரைக் கவனிக்கப் போய்விட்டாள். அவள் சந்தோஷப்பட்டதாக நான் எழுத முடியாது. நான் பார்த்தது அவள் முதுகை. லென்ஸைப் பொருத்த மூன்று நிமிடம் ஆயிற்று.

போன வாரம் பட்டியலில் 911ஆம் எண்ணில் இருக்கும் ஒருவர், போனில் கேள்வி கேட்பவர் யார், நிஜமாகவே அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டு எழுதியிருந்தார். பதில்களைக் கோப்பில் சேர்க்கும்போது மைத்துனி அவருக்கு எழுதியதைப் படித்தேன்.

‘இருக்கிறார். எங்கள் அத்தான். வயது எழுபத்தொன்று. இடது கண் இரண்டு, வலது கண் ஒன்றே முக்கால். புதன்கிழமைகளில் போனை எடுப்பார். வேறு விவரம் கைவசம் இல்லை.’